"புரிஞ்சுதுங்க சிஸ்டர்" என்பதை எப்படி அளப்பது?

கேள்வி: கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் தொற்றா நோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். சுகர், பி.பி. பார்க்க ஒரு நாளைக்கு 60, 70 பேர் வருகிறார்கள். மாத்திரை எப்படிப் போட வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். "புரிஞ்சுதுங்க சிஸ்டர்" என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். அடுத்த மாதம் பார்த்தால் பாதி மாத்திரை மிச்சம், சர்க்கரை ஏறியிருக்கிறது. மக்களின் சுகாதார எழுத்தறிவை, அதாவது நோய், மருந்து பற்றிச் சொல்வதைப் புரிந்து பயன்படுத்தும் திறனை, அளக்க 66 சொற்கள் கொண்ட ஆங்கிலப் பட்டியல் ஒன்று இருப்பதாகப் படித்தேன். அதைத் தமிழாக்கி எல்லாரிடமும் கொடுத்துப் பார்க்கலாமா? அளந்த பிறகு அதை எப்படிக் கூட்டுவது? ஒருவருக்கு எனக்குக் கிடைப்பது 3 நிமிடம்தான்.

பதில்:

அந்தப் பட்டியலைத் தமிழாக்க வேண்டாம். உழைப்பு வீணாகும். காரணம் நம் எழுத்திலேயே இருக்கிறது.

'ரியல்ம்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்தப் பட்டியல் 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவானது. நோயாளி 66 மருத்துவச் சொற்களை வாய்விட்டு வாசிக்க வேண்டும், சரியாக உச்சரித்தவற்றை எண்ண வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, ஒலிப்பது வேறொன்று. ஒரு கடினமான நோய்ப் பெயரை ஒருவர் சரியாக வாசித்தால், அதை முன்பே காதில் கேட்டுப் பழகியிருக்கிறார் என்று ஊகிக்கலாம். தமிழில் அந்த ஊகத்துக்கு இடமே இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை 'குருதிச்சோகை' என்பதைத் தட்டுத் தடங்கல் இல்லாமல் வாசித்துவிடும். அப்படியென்றால் என்ன என்று கேட்டால் விழிக்கும். ரத்தம் கம்மியாகி ஊசி போட்டுக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு விஷயம் முழுக்கத் தெரியும், ஆனால் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். பட்டியல் பிள்ளைக்கு முழு மதிப்பெண் போடும், அம்மாவுக்கு முட்டை போடும்.

ஸ்பானிய மொழிக்கும் இதே சிக்கல் வந்தது. அதுவும் எழுதியபடி வாசிக்கும் மொழி. அதனால் 2006இல் அவர்களுக்கென 50 சொற்களில் வேறு விதமான தேர்வு செய்தார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் இரண்டு சொற்கள் இருக்கும். எது அதோடு சேரும் என்று சொல்ல வேண்டும். 'இன்சுலின்' என்றால் பக்கத்தில் 'சர்க்கரை', 'எலும்பு' என்று இருப்பதுபோல வைத்துக்கொள்ளுங்கள். ஊகித்து அடிப்பதைக் குறைக்க 'தெரியாது' என்ற விடைக்கும் இடம் உண்டு. தமிழுக்கு ஏற்ற வடிவம் இதுதான்.

இன்னொரு பெயர் பெற்ற தேர்வு, 2005இல் வந்தது, ஓர் ஐஸ்கிரீம் டப்பாவின் சத்து அட்டவணையைக் காட்டி 6 கேள்வி கேட்கும். 4 முதல் 6 வரை சரியாகச் சொன்னால் போதுமான அறிவு என்று கணக்கு. எண்ணறிவைச் சோதிக்க நல்ல கருவிதான். ஆனால் டப்பாவின் பின்பக்கத்தை வாழ்நாளில் திருப்பிப் பார்க்காதவரிடம் அதை நீட்டினால், அவருடைய கணக்கறிவு தெரியாது, ஐஸ்கிரீம் டப்பாவோடு அவருக்குள்ள பழக்கம்தான் தெரியும். ஐரோப்பாவில் 2011இல் 8 நாடுகளில் 47 கேள்விகளோடு நடத்திய பெரிய ஆய்வு வேறு வகை. "இதைப் புரிந்துகொள்வது உங்களுக்கு எவ்வளவு எளிது, எவ்வளவு கடினம்?" என்று அவரவரையே கேட்டார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள், ஏறக்குறைய 47 விழுக்காடு, பற்றாக்குறை அல்லது சிக்கல் உள்ளவர்கள் என்று வந்தது. ஒரு நாட்டின் நிலையைப் பார்க்க அது பயன்படும். உங்கள் மேசைக்கு முன்னால் நிற்கும் அம்மாவிடம் "கஷ்டமா, சுலபமா?" என்று கேட்டால் "சுலபம்தாங்க" என்பார். சிஸ்டர் மனம் நோகக் கூடாதல்லவா.

உங்களுக்குத் தேவை ஆராய்ச்சிக் கருவி அல்ல, அன்றாடம் பயன்படும் ஓர் அளவுகோல். வாசிக்கச் சொல்லாதீர்கள், எளிதா என்றும் கேட்காதீர்கள். செய்து காட்டச் சொல்லுங்கள். இவை வெவ்வேறு என்பதற்கு ஒரு சான்று போதும். 2006இல் அமெரிக்காவில் 395 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், 'தினமும் இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு மாத்திரை' என்ற வரியைக் காட்டினார்கள். படிப்பறிவு குறைந்தவர்களில் 71 விழுக்காட்டினர் அதைச் சரியாகத் திருப்பிச் சொன்னார்கள். ஒரு நாளைக்கான மாத்திரையை எண்ணி எடுத்து வைக்கச் சொன்னபோது நான்கை எடுத்தவர்கள் 35 விழுக்காடுதான். சொல்லத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்குச் செய்யத் தெரியவில்லை.

அளவுகோலை இப்படி அமையுங்கள். ஒரு சின்ன டப்பாவில் கொஞ்சம் சுண்டல் கடலையோ பட்டாணியோ வைத்துக்கொள்ளுங்கள், நிஜ மாத்திரை வேண்டாம். நீங்கள் மருந்து போட்டுத் தரும் காகித உறையில் '1-0-1' (காலை 1, மதியம் இல்லை, ராத்திரி 1) என்று எழுதி நீட்டி, "இன்னைக்கு ஒரு நாளைக்கு எத்தனைன்னு எடுத்து வைங்கம்மா, எப்ப எப்பன்னும் சொல்லுங்க" என்று கேளுங்கள். இது முதல் பணி. நடுவிலுள்ள சுழியம் என்னவென்று தெரியாமல் '101' என்று படிப்பவர் உண்டு. காலை ஒன்று, மதியம் ஒன்று என்று அடுத்தடுத்துப் போடுபவரும் உண்டு. இரண்டாவது பணி நேரக்கணக்கு: "சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடணும். நீங்க எட்டரைக்குச் சாப்பிடுவீங்க. மாத்திரை எப்ப?" மூன்றாவது, அவருடைய நோட்டிலேயே அடுத்து வர வேண்டிய தேதியைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். நான்காவது, "திடீர்னு வேர்க்குது, கை நடுங்குது, படபடன்னு வருது. என்ன செய்வீங்க?" சர்க்கரையோ குளுக்கோஸோ வாயில் போடுவேன் என்றால் சரி. படுத்துக்கொள்வேன், ஆஸ்பத்திரிக்கு வருவேன் என்று மட்டும் சொன்னால் தவறு. ஐந்தாவது நம் ஊரில் அடிக்கடி வருவது. ஒரே மருந்தின் இரண்டு காலி அட்டைகளைக் காட்டுங்கள், ஒன்று போன மாதம் வந்தது, மற்றது நிறமும் வடிவமும் மாறி இந்த மாதம் வந்தது. "வீட்டுல ரெண்டும் இருக்கு. எதைப் போடுவீங்க?" சப்ளை மாறினால் மாத்திரையின் நிறம் மாறும். பழையதும் புதியதும் வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்துப் போடுவது, அல்லது 'இது நம்மது இல்லை' என்று புதியதைத் தூக்கிப் போடுவது, இரண்டும் நடக்கிறது.

முதல் தடவையிலேயே சரியாகச் செய்தால் 1, இல்லையென்றால் 0. எடுத்துக்கொடுத்து, ஜாடை காட்டிச் சரியாக வரவழைத்தது 0தான். இதில் தாராளம் காட்டினால் ஆறு மாதம் கழித்து ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. ஐந்தும் முடிக்க 4 நிமிடம் ஆகும். எல்லாரிடமும் செய்ய வேண்டாம். இரண்டு வாரத்தில் 30 பேர் போதும், ஆனால் நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். வரிசையில் ஒவ்வொரு 10ஆவது ஆள் என்று எடுங்கள். தெரிந்த முகங்களாகப் பிடித்தால் மதிப்பெண் ஏறித்தான் வரும். முதல் நாளே செய்ய வேண்டிய ஒன்று: கண்ணைப் பாருங்கள். நாற்பதைத் தாண்டியவருக்குக் கிட்டப் பொருள் மங்கும். சர்க்கரைக்காரருக்குக் கண்புரையும் சேர்ந்துகொள்ளும். "கண்ணாடி கொண்டு வரலீங்க" என்பது எழுத்து தெரியாததை மறைக்கச் சொல்லும் பொய்யாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். மேசையில் ஒரு +2 பவர் வாசிப்புக் கண்ணாடி இருந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

வயதானவர்களில் பலருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது மருமகளோ பேத்தியோதான். ஆங்கிலக் கேள்வித்தாள்களில் 'மருத்துவமனைக் காகிதங்களைப் படிக்க எவ்வளவு அடிக்கடி மற்றவர் உதவி தேவைப்படுகிறது?' என்று ஒரு கேள்வி வரும். 'எப்போதும்' என்றால் அறிவுக் குறைவு என்று எடுத்துக்கொள்வார்கள். நம் வீடுகளில் எம்.ஏ. படித்த மாமியாருக்கும் மருமகள்தான் மாத்திரை எடுத்து வைப்பாள். அதனால் "வீட்டுல மாத்திரை எடுத்துத் தர்றது யாரு?" என்று கேட்டு, அந்த ஆளை ஒரு முறையாவது வரச் சொல்லி, அவரிடம் இந்த ஐந்தையும் செய்து பாருங்கள். அந்த வீட்டின் சுகாதார எழுத்தறிவு அவரிடம்தான் இருக்கிறது.

யார் யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று நோட்டில் குறித்து வைக்காதீர்கள். 'இவருக்குப் புரியாது' என்று ஒரு குறி விழுந்தால் அடுத்து வருகிற எல்லாரும் அவரிடம் சத்தம் போட்டுத்தான் பேசுவார்கள். எந்தப் பணியில் எத்தனை பேர் தவறினார்கள் என்பது மட்டும் உங்களுக்கு வேண்டும். 30 பேரில் 19 பேர் '1-0-1'இல் தவறினால், பழுது அந்த 19 பேரிடம் இல்லை, உறையில் இருக்கிறது.

இனி கூட்டுவது. "புரிஞ்சுதா?" என்ற கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள். அதற்கு "ஆமா" தவிர வேறு விடை இல்லை. மருத்துவர்களும் இதில் குறைவானவர்கள் அல்லர். சான் பிரான்சிஸ்கோவில் சர்க்கரை நோயாளிகளோடு மருத்துவர் பேசியதைப் பதிவு செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக ஏதாவது சொன்ன சந்திப்புகள் 61. நோயாளிக்குப் புரிந்ததா என்று சோதித்துப் பார்த்தவை அவற்றில் 12. அப்படிச் சோதித்த மருத்துவரிடம் போனவர்களுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடும் மேலாக இருந்தது.

திருப்பிச் சொல்ல வைக்கும் முறைக்குப் பேச்சு இப்படிப் போக வேண்டும்:

"அம்மா, நான் வேகமா சொல்லிட்டேன், சரியா சொன்னேனான்னு எனக்கே தெரியல. வீட்டுக்குப் போனதும் உங்க மருமக 'என்ன சொன்னாங்க'ன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"சரி. சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதானே?"

"இது பெரிய மாத்திரைம்மா, வயித்தைப் புரட்டும். சாப்பிட்டுக்கிட்டே இருக்கும்போது, இல்ல சாப்பிட்ட கையோட போடணும். இப்ப ஒரு தடவை சொல்லுங்க."

பழியை உங்கள் மேல் போட்டுக்கொள்வதுதான் இதில் சூட்சுமம். "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்" என்றால் பள்ளிக்கூடப் பரீட்சை ஆகிவிடும், அவர் வாயே திறக்க மாட்டார். தவறாகச் சொன்னால் அதே வாக்கியத்தை உரக்கச் சொல்வதில் பயனில்லை, வேறு சொல்லில், முடிந்தால் கையில் மாத்திரையை வைத்துக் காட்டிச் சொல்லுங்கள். இரண்டாம் முறையும் வரவில்லை என்றால் நிறுத்திவிட்டு, எடுத்துத் தருபவரை அழைத்து வரச் சொல்லுங்கள். 3 நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் இதைச் செய்ய முடியாது. புது மருந்து, மாறிய டோஸ், இன்சுலின், இந்த மூன்றில் ஒன்று இருந்தால் மட்டும் செய்யுங்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும். ஒரு வருகைக்கு ஒரு விஷயம், மிஞ்சிப்போனால் இரண்டு. உணவு, நடை, கால் பராமரிப்பு, கண் பரிசோதனை என்று ஒரே மூச்சில் சொன்னால் படியிறங்கும்போது எதுவும் நினைவில் இருக்காது.

இன்சுலின் போடுபவரிடம் சிரிஞ்சையும் பாட்டிலையும் கொண்டு வரச் சொல்லி, அவரே இழுத்துக் காட்டட்டும். நம் நாட்டில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். மாற்றிச் செய்தால் இரண்டரை மடங்கு போய்விடும், அது ஆளைச் சாய்த்துவிடும். இதை எத்தனை முறை வாயால் சொன்னாலும் தெரியாது. கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும்.

நம் ஊரில் திரும்பத் திரும்பத் தவறாகப் போகும் இடங்கள் சில உண்டு. 'வெறும் வயிறு' அவற்றில் முதலாவது. "டீ மட்டும்தான் குடிச்சேன் சிஸ்டர்" என்று பரிசோதனைக்கு வந்து நிற்பார்கள். நம் பேச்சில் டீ சாப்பாட்டில் சேராது, அவர்மேல் தப்பில்லை. "ராத்திரி சாப்பிட்டதுக்கு அப்புறம் பச்சைத் தண்ணி தவிர எதுவும் வாயில போகக் கூடாது, டீ, காபி, பாலும் கூடாது. குறைஞ்சது 8 மணி நேரம்" என்று பெயர் சொல்லித் தடுக்க வேண்டும். சாப்பிட்ட பின் எடுக்கும் ரத்தத்துக்கு 2 மணி நேரம் என்பது முதல் வாய் வைத்ததிலிருந்து. கை கழுவியதிலிருந்து எண்ணுபவர்களே அதிகம். 'சுகர் நார்மல்' என்று நீங்கள் சொல்வது 'குணமாகிவிட்டது' என்று காதில் விழும், அடுத்த நாளே மாத்திரை நின்றுவிடும். "மாத்திரை போடுறதாலதான் இந்த நம்பர். நிறுத்தினா ஏறிடும்" என்பதை அதே மூச்சில் சேர்த்துச் சொல்லுங்கள். சளிப் பரிசோதனையோ புற்றுநோய்ப் பரிசோதனையோ 'நெகட்டிவ்' என்றால் முகம் வாடிப்போகும். "கிருமி இல்லை", "ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டு, வேண்டுமானால் பிறகு அந்தச் சொல்லைச் சொல்லலாம்.

'மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும்' என்பதைப் புரியாமையில் சேர்க்காதீர்கள். அது நம்பிக்கை. வாட்ஸ்அப்பில் வந்திருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் டயாலிசிஸுக்குப் போனதைக் கண்ணால் பார்த்திருப்பார். "அதெல்லாம் பொய்" என்றால் அவர் பேச்சை நிறுத்திக்கொள்வார், நம்புவதை நிறுத்த மாட்டார். "கிட்னியைக் கெடுக்கிறது கட்டுப்படாத சர்க்கரையும் பி.பி.யும். கிட்னி ஏற்கெனவே சோர்ந்திருந்தா சில மாத்திரையை டாக்டர் குறைப்பாங்க, நிறுத்துவாங்க. அதைப் பார்க்கத்தான் கிரியேட்டினின் எடுக்கறோம். உங்களுக்கு எடுத்தது எப்போ, பார்ப்போமா?" என்று அவருடைய நோட்டைத் திறந்து எண்ணைக் காட்டுங்கள். அச்சத்தில் உள்ள உண்மைப் பங்கை ஒப்புக்கொண்டால்தான் மிச்சத்தை அவர் கேட்பார்.

மிச்ச மாத்திரையை எண்ணுவதை இன்னும் கொஞ்சம் துல்லியமாகச் செய்யுங்கள். 30 நாளுக்கு 60 மாத்திரை கொடுத்தீர்கள். 28ஆம் நாள் வருகிறார். 56 போட்டிருக்க வேண்டும், 4 மிஞ்ச வேண்டும். 22 மிஞ்சியிருந்தால் போட்டது 38. 56க்கு 38 என்றால் 68 விழுக்காடு. பழைய இருப்பு வீட்டில் இருந்ததா, கணவன் மனைவி இருவரும் ஒரே மாத்திரையைப் பகிர்ந்துகொள்கிறார்களா என்று கேட்காமல் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். பிறகு மனத்துக்குள் இரண்டு கட்டம் போடுங்கள்: 'தெரியல', 'முடியல'. எப்படிப் போட வேண்டும் என்று கடலையை வைத்துச் சரியாகச் செய்து காட்டிவிட்டு, 22 மாத்திரை மிச்சம் வைத்திருப்பவர் இரண்டாம் கட்டத்தில் வருவார். அவருக்குக் காட்டு வேலைக்கு விடிகாலை போக வேண்டியிருக்கும், வயிற்றுப்போக்கு வந்திருக்கும், மருந்து வாங்க ஒரு நாள் கூலி போகும். அவருக்கு மேலும் பாடம் நடத்துவது வீண் வேலை. நேரத்தை மாற்றவோ, மருத்துவரிடம் சொல்லி மாத்திரையை மாற்றவோ, வீட்டுக்கு மருந்து கொண்டு போகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத் தன்னார்வலரிடம் அவர் பெயரைச் சேர்க்கவோ பாருங்கள். சுகாதார எழுத்தறிவு என்ற பெயரில் எல்லாப் பழியையும் நோயாளியின் அறிவு மேல் ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை.

சுவரில் ஒட்டும் தாளையும் கையில் கொடுக்கும் தாளையும் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஆங்கிலத்துக்கான வாசிப்புக் கடினச் சூத்திரங்கள் அசையை எண்ணுபவை. சொல்லோடு சொல் ஒட்டி நீளும் தமிழுக்கு அவை பொருந்தா. பதிலாக, தாளிலிருந்து ஒரு பத்தியை எடுத்து, 5 முதல் 7 சொல்லுக்கு ஒன்றை அழித்துவிட்டு, வாசிக்கத் தெரிந்த 10 பேரிடம் இடத்தை நிரப்பச் சொல்லுங்கள். பாதி இடம்கூடப் பொருந்தி வரவில்லை என்றால் தாளை மாற்றி எழுதுங்கள். 'நீரிழிவு நோயாளிகள் பரிந்துரைக்கப்பட்ட மருந்துகளைத் தவறாது உட்கொள்ளுதல் வேண்டும்' என்ற வாக்கியத்தில் ஒருவர் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. எத்தனை, எப்போது, விட்டுப்போனால் என்ன என்பதுதான் வேண்டும். 'சுகர் மாத்திரை: காலைச் சாப்பாட்டோடு 1, ராத்திரிச் சாப்பாட்டோடு 1. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு ஒன்றுதான், இரண்டாகப் போட வேண்டாம்.' சொல் குறைந்திருக்கிறது, வேலை கூடியிருக்கிறது. மக்கள் 'சுகர்' என்றால் 'சுகர்' என்றே எழுதுங்கள்.

உறையில் படம் போடுவதானால் பாதிச் சூரியன் வேண்டாம். உதிப்பதும் மறைவதும் ஒரே மாதிரி இருக்கும். காலைக்குச் சேவல், மதியத்துக்கு முழுச் சூரியன், ராத்திரிக்குப் பிறையும் நட்சத்திரமும் என்று போட்டு, கீழே மூன்று கட்டம் விட்டு, மாத்திரை வேண்டிய கட்டத்தில் அத்தனை வட்டம் வரையுங்கள். வேண்டாத கட்டத்தில் சுழியம் எழுதாதீர்கள். வட்டமும் சுழியமும் ஒன்றுபோலத் தெரியும். பெருக்கல் குறி போடுங்கள். அச்சடிக்கும் முன் 10 பேரிடம் வெறும் படத்தைக் காட்டி "இது என்ன நேரம்?" என்று கேளுங்கள், 8 பேராவது சரியாகச் சொல்ல வேண்டும்.

ஆறு மாதம் கழித்து அதே ஐந்து பணி, அதே முறையில் எடுத்த 30 பேர், அதே கறார். கேட்பவர் மட்டும் வேறொருவராக இருந்தால் நல்லது. நீங்கள் கற்றுக்கொடுத்ததை நீங்களே மதிப்பிட்டால் கை இளகும். இந்த எண்களை வெளியே கட்டுரையாக எழுத எண்ணினால் தொடங்கும் முன்பே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும், பின்னால் வாங்க முடியாது.

இன்னொன்று, மருந்தாளுநரிடம் நாளைக்கே கேட்கலாம். அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது மருந்தின் பெயரும் காலாவதி மாதமும் அச்சிட்ட முனை நோயாளியிடம் போகும்படி வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய நான்கு மாத்திரைத் துண்டில் வெறும் வெள்ளிக் காகிதம்தான் இருக்கிறது என்றால், எம்.பி.பி.எஸ். படித்தவருக்கும் அது என்ன மாத்திரை என்று தெரியாது.